31 வாட்சுகளிலிருந்து 4 வாட்சுகளுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு காலத்தில் என் அலமாரியில் 31 கைக்கடிகாரங்கள் இருந்தன. இன்று 4 இருக்கின்றன. அலுவலக நண்பர்களும் உறவினர்களும், பழைய வாட்ச் சேர்க்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்களும் இதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வாட்ச் பழுது பார்ப்பவனும் இல்லை, விற்பவனும் இல்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக வாங்கி, கட்டி, பழுது நீக்கி, பிறருக்குக் கொடுத்துக் கற்றுக்கொண்டவற்றை மட்டுமே எழுதுகிறேன்.

இந்த ஆர்வம் எந்த வாட்சிலிருந்து தொடங்கியது?

என் அப்பாவின் எச்.எம்.டி. பைலட்டிலிருந்து. அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தார். 1978-ல் வாங்கிய அந்த வாட்சைப் பணி ஓய்வு பெறும் நாள் வரை கட்டியிருந்தார். கறுப்பு டயல், வெள்ளை எண்கள், ரேடியம் தடவிய முட்கள். காலையில் குளித்துத் திருநீறு இட்டுக்கொண்டதும் வாட்சைக் காதருகே ஒருமுறை வைத்துக் கேட்டுவிட்டுச் சாவி கொடுப்பார். வானொலியில் செய்தி தொடங்கும் நேரத்துக்கு முள்ளைச் சரிசெய்வார். பணிமனைச் சங்கு ஊதும்போது மணிக்கட்டைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பார். சங்கு சரியாக ஊதுகிறதா என்று பார்க்கிறாரா, வாட்ச் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கிறாரா என்பது அந்த வயதில் எனக்கு விளங்கியதில்லை.

அவர் 2001-ல் காலமானார். பீரோவில் நகைப் பெட்டிக்குப் பின்னால் கிடந்த வாட்சை 2009-ல் எடுத்தபோது அது ஓடவில்லை. சாவியைத் திருகினால் இறுக்கமாக நின்றுவிட்டது. தெப்பக்குளம் அருகே மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு பின்மூடியைத் திறந்தவர், வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “தம்பி, மெஷின்ல ஒண்ணும் கெடலை. எண்ணெய்தான் காஞ்சு போயிருக்கு. உட்காருங்க, பிரிச்சே காட்டுறேன்” என்றார்.

அன்று இரண்டரை மணி நேரம் அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு சக்கரமாக எடுத்துப் பெட்ரோல் ஊற்றிய கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, மென்மையான தூரிகையால் தேய்த்து, ஊதி உலர்த்தி, வெள்ளைத் தாளின்மேல் எடுத்த வரிசையிலேயே அடுக்கினார். சக்கரத்தின் அச்சு சுழல்கிற சிவப்புக் கல்லின் குழியில், தையல் ஊசியைவிட மெல்லிய கம்பியின் நுனியால் எண்ணெய் தொட்டு வைத்தார். ஒரு துளி என்றுகூட அதைச் சொல்ல முடியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் கல் நனைந்திருப்பது தெரியும். கடைசியாக, இங்குமங்கும் அசைந்து நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தைப் பொருத்திச் சாவியை நாலு சுற்றுச் சுற்றியதும், அது ஒரு கணம் தயங்கி, பிறகு தானாக அசையத் தொடங்கியது. எட்டு ஆண்டுகள் அசையாமல் கிடந்த ஒன்று என் கண்ணெதிரே மறுபடியும் ஓடியது. அந்த நாளில் தொடங்கியதுதான் எல்லாம்.

எச்.எம்.டி. வாட்சுகளுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? மலிவான வாட்ச்தானே?

மலிவானதுதான், மரியாதைக்கு அதுவே ஒரு காரணம். அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் (எச்.எம்.டி.) 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலையைத் தொடங்கியது. அதற்கு முன் நல்ல வாட்ச் என்றால் வெளிநாட்டு வாட்ச்தான். அது பெரும்பாலான வீடுகளுக்கு எட்டாப் பொருள். ஜனதா, பைலட், சோனா, கோஹினூர், காஞ்சன் என்று பெயர் வைத்து வந்த எச்.எம்.டி. வாட்சுகள் ஆசிரியர், எழுத்தர், தொழிலாளி ஆகியோரின் கைகளுக்கு வந்தன. பரீட்சையில் தேறியதற்கு ஒன்று, முதல் வேலை கிடைத்ததற்கு ஒன்று, மாப்பிள்ளைக்குச் சீராக ஒன்று என்று குடும்பங்கள் நினைவு வைத்திருக்கும் நாள்களோடு அந்த வாட்ச் சேர்ந்தே வந்தது.

தொழில்நுட்பமாகப் பார்த்தாலும் மதிப்பு உண்டு. 17 கற்கள் வைத்த, சாவி கொடுத்து ஓட்டும் அந்த மெஷினில் சிக்கல் குறைவு, உறுதி அதிகம். சிற்றூர்ப் பேருந்து நிலையத்தில் கடை வைத்திருப்பவர்கூட அதைப் பிரித்துச் சேர்த்துவிடுவார். உதிரிப் பாகம் இன்றும் கிடைக்கிறது. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூடுவதற்கு மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. மூடப்படப் போகிறது என்ற செய்தி அதற்கு முன்பே பரவியபோது, அதுவரை திரும்பிப் பார்க்காதவர்களும் தேடித் தேடி வாங்கினார்கள். நானும் அப்போது மளமளவென்று வாங்கியவர்களில் ஒருவன்.

31 வரை எப்படிப் போனது?

அப்பாவின் வாட்ச் ஓடத் தொடங்கியதும், அதே காலத்து ஜனதா ஒன்று இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. ஜனதா வந்ததும் காஞ்சன். பிறகு, கை அசைவிலேயே தானாக முறுகிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் எப்படி ஓடுகிறது என்று அறிய, ஜப்பானிய நிறுவனமான சீகோவின் சீகோ 5. அதன் பின்புறக் கண்ணாடி வழியாக, ஸ்பிரிங்கை முறுக்கும் ரோட்டர் என்ற எடைத்தகடு சுழல்வதைப் பார்த்தபின், கடலுக்குள் இறங்குவோருக்கான சீகோ எஸ்.கே.எக்ஸ். 007. இரவில் படுக்கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, விற்பனைக்கு வந்திருக்கும் வாட்சுகளைப் பார்ப்பது பழக்கமாயிற்று. ஒன்றை வாங்கிய மகிழ்ச்சி அது கூரியரில் வந்து சேரும் வரை இருந்தது. வந்து ஒரு வாரத்தில் அடுத்ததைத் தேடினேன். 2016 முடிவதற்குள் 31 ஆகிவிட்டது. அவற்றில் எதுவும் பெரிய விலை இல்லை. விலை குறைவு என்பதாலேயே ஒவ்வொரு முறையும் யோசிக்காமல் வாங்கினேன். மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தபோது, அந்தப் பணத்துக்கு மிக நல்ல வாட்ச் இரண்டு வாங்கியிருக்கலாம் என்று தெரிந்தது.

போதும் என்று தோன்றியது எப்போது?

2017 போகி அன்று. வீட்டைச் சுத்தம் செய்யும்போது வாட்ச் பெட்டிகளையும் வெளியே எடுத்து வரிசையாகப் பாய்மேல் வைத்தேன். பேட்டரியில் ஓடும் மூன்று வாட்சுகள் நின்றுபோயிருந்தன. திறந்து பார்த்தால் பேட்டரி கசிந்து, செம்புத் தகடெல்லாம் பச்சைப் பொடி பூத்திருந்தது. ஒரு ஜனதாவின் தோல் பட்டையில் பூஞ்சணம் படர்ந்து, அது வாட்சின் வெளிக்கூடான கேஸின் உலோகத்தையும் அரிக்கத் தொடங்கியிருந்தது. இவை வேறு எவர் செய்த தவறும் இல்லை. நான் கவனிக்காமல் விட்டவை. ஒரே ஒரு வாட்சை இருபது ஆண்டுகள் நாள் தவறாமல் பார்த்துக்கொண்டவரின் மகன், 31 வாட்சுகளை வாங்கி அவற்றில் நான்கைப் பெட்டிக்குள்ளேயே கெடுத்திருக்கிறேன் என்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது.

அந்தப் பொங்கல் முதல் அடுத்த பொங்கல் வரை ஒரு நாட்காட்டிக் குறிப்பேட்டில் தினமும் கட்டிய வாட்சின் பெயரை மட்டும் எழுதி வந்தேன். வேறு எந்த விதியும் வைத்துக்கொள்ளவில்லை. ஆண்டு முடிவில் கூட்டினால் நான்கு வாட்சுகள் மட்டுமே சேர்ந்து மொத்தம் 290 நாள்களுக்கு மேல் கையில் இருந்திருக்கின்றன. பதினொன்றை ஒருமுறைகூடக் கட்டவில்லை. எனக்கு என்ன பிடிக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததற்கும், என் கை எதை எடுக்கிறது என்பதற்கும் இருந்த தூரத்தை அந்தக் குறிப்பேடு காட்டிக்கொடுத்தது. அழகு, அருமை, வரலாறு என்று பட்டியலிட்டிருந்தால் நான் வேறு நான்கைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன்.

அந்த நான்கு எவை?

முதலாவது அப்பாவின் பைலட். வாரத்தில் இரண்டு நாள் கட்டுகிறேன். மழை நாளில் கட்டுவதில்லை.

இரண்டாவது, 2006-ல் எங்கள் திருமணத்தின்போது என் மனைவி வாங்கித் தந்த டைட்டன் எட்ஜ். டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய நிறுவனம் டைட்டன். அந்தப் பெயரிலேயே டாட்டா இண்டஸ்ட்ரீஸும் தமிழ்நாடும் இருக்கின்றன. தொழிற்சாலை ஓசூரில். 2002-ல் அவர்கள் கொண்டுவந்த எட்ஜின் மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர், உள்ளே இருக்கும், பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் மெஷினின் தடிமன் 1.15 மில்லிமீட்டர். முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட்டபின் கையில் வாட்ச் இருப்பதே தெரியாது. அத்தனை மெல்லிய ஒன்றை நம் ஊர்ப் பொறியாளர்களும் தொழிலாளர்களும் செய்தார்கள் என்பதில் எனக்கு உண்மையான பெருமை உண்டு. விநொடி முள் இல்லாததை ஒரு குறையாக முதலில் நினைத்தேன்; இப்போது விழா நாள்களுக்கு அதுவே பொருத்தம் என்று தோன்றுகிறது.

மூன்றாவது கேசியோ எஃப்-91டபிள்யூ. 1989-ல் வந்த இந்த வாட்ச் இன்றும் ஏறக்குறைய அதே உருவத்தில் விற்கிறது. எடை 21 கிராம். ஒரு பேட்டரி ஏழு ஆண்டுகள் தாங்கும் என்று நிறுவனம் சொல்கிறது; என்னிடம் அதற்கும் மேல் தாங்கியது. ரயில் பயணம், மழை, வீட்டுக்கு வெள்ளை அடிப்பது, மகளைச் சைக்கிள் பழக்குவது எல்லாவற்றுக்கும் இதுதான். சேகரிப்பவர்கள் பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. என் குறிப்பேட்டில் 94 நாள் இடம்பிடித்த வாட்சைக் கணக்கில் சேர்க்காமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

நான்காவது சீகோ எஸ்.ஏ.ஆர்.பி. 033. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டு, 2018-ல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. கறுப்பு டயல், 38 மில்லிமீட்டர் கேஸ், 6ஆர்15 என்ற ஆட்டோமேட்டிக் மெஷின். கழற்றி வைத்தாலும் 50 மணி நேரம் வரை ஓடும் என்பதால் வெள்ளி மாலை வைத்துவிட்டு ஞாயிறு மாலை எடுத்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். இதன் அழகு முட்களில் இருக்கிறது. மணி முள்ளும் நிமிட முள்ளும் நடுவில் கோடு பிளந்து, ஒரு பக்கம் வெளிச்சத்தையும் மறு பக்கம் நிழலையும் வாங்கும்படி பட்டை தீட்டப்பட்டிருக்கின்றன. அதனால் கறுப்பு டயலில் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் முள்ளின் ஏதாவது ஒரு பக்கம் பளிச்சென்று தெரியும். அலுவலகத்தில் மங்கலான கூட்ட அறையிலும் ஒரே பார்வையில் மணி தெரிகிறது.

விலை உயர்ந்த சுவிஸ் வாட்ச் ஒன்றுகூட இல்லையே, ஏன்?

ஆசைப்பட்டேன். ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் என் நெடுநாள் கனவு. 1957-ல் வந்த வாட்ச். நாசா பல சோதனைகள் நடத்தி 1965-ல் விண்வெளிப் பயணங்களுக்குத் தகுதி வழங்கியது. 1969-ல் சந்திரனில் இறங்கியபோது விண்வெளி வீரர் ஆல்ட்ரின் கையில் இருந்தது. அதுவும் அப்பாவின் பைலட்டைப் போலச் சாவி கொடுத்து ஓட்டுவதுதான் என்பது என்னை இன்னும் இழுத்தது. மூன்று ஆண்டுகள் பணம் சேர்த்தேன். சென்னையில் ஒரு கடையில் கட்டிப் பார்த்தேன்.

என் மணிக்கட்டின் சுற்றளவு 16 சென்டிமீட்டர். 42 மில்லிமீட்டர் வாட்ச் அதன்மேல் மூடி வைத்ததுபோல் உட்கார்ந்தது. பட்டை தொடங்கும் கொம்புகள் இரண்டும் மணிக்கட்டின் விளிம்பைத் தொட்டன. அது என் கைக்கான வாட்ச் இல்லை என்று கண்ணாடியில் பார்த்தவுடன் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது: அதைக் கட்டிக்கொண்டு மாநகரப் பேருந்தில் நிம்மதியாகக் கம்பியைப் பிடித்து நிற்க என்னால் முடியாது. கழற்றி வைப்பதற்காக ஒரு வாட்சை வாங்க மனம் ஒப்பவில்லை. அது மிகச் சிறந்த வாட்ச் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. உங்கள் மணிக்கட்டுக்கும் வாழ்க்கைக்கும் பொருந்தினால் தயங்காமல் வாங்குங்கள். வாங்குவதற்கு முன் கையில் கட்டிப் பாருங்கள். கேஸின் அகலத்தைவிட ஒரு கொம்பு முனையிலிருந்து மறு கொம்பு முனை வரை உள்ள நீளம் முக்கியம். விளம்பரப் படத்தில் அது தெரியாது.

சாவி கொடுக்கும் வாட்ச் சரியான நேரம் காட்டுமா?

பேட்டரி வாட்சைப் போலக் காட்டாது. எச்.எம்.டி. மெஷினில் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 18,000 முறை அசைகிறது. அதாவது விநொடிக்கு 5, ஒரு நாளுக்கு 4,32,000. குவார்ட்ஸ் வாட்சில் உள்ள படிகம் விநொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சீகோ 1969 டிசம்பர் 25 அன்று ஆஸ்ட்ரான் என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த நாளோடு, துல்லியத்தில் யார் பெரியவர் என்ற போட்டி முடிந்துவிட்டது.

ஆனாலும் ஒரு கணக்கைப் பாருங்கள். என் பைலட் ஒரு நாளைக்கு சுமார் 25 விநொடி பின்தங்குகிறது. ஒரு நாளில் 86,400 விநொடிகள். பத்தாயிரத்தில் மூன்று பங்குதான் பிழை. சூடும் குளிரும் மாறும்போதும், கையைத் தொங்கவிடும்போதும் மடியில் வைக்கும்போதும், ஸ்பிரிங் முழுதாக முறுகியிருக்கும்போதும் தளரும்போதும், நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சக்கரமும் தலைமுடி போன்ற ஒரு சுருள்வில்லும் இவ்வளவு சரியாக இருக்கின்றன என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. காலையில் அரை நிமிடம் திருத்துவதை நான் குறையாக நினைக்கவில்லை.

திடீரென்று ஒரு நாளைக்குப் பல நிமிடம் முந்தி ஓடினால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். கைப்பேசி ஒலிபெருக்கி, காந்தப் பூட்டு வைத்த கைப்பை, குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் பொம்மை ஆகியவற்றின்மேல் வாட்சை வைக்காதீர்கள். சுருள்வில்லின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் அசைவு வேகமாகிவிடுகிறது. ரிப்பேர் கடையில் காந்தம் நீக்கும் கருவியில் காட்டினால் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். இதற்கு முழு சர்வீஸ் செய்யச் சம்மதிக்க வேண்டியதில்லை.

பழைய எச்.எம்.டி. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

டயலை. நான் பட்ட அடியைச் சொல்கிறேன். பழைய இருப்பு, ஒருமுறைகூடக் கட்டாதது என்று இணையத்தில் விளம்பரம் செய்த ஒருவரிடம் ஒரு பைலட் வாங்கினேன். புத்தம் புதிதாக மின்னியது. ஆறு மாதத்தில், சென்னை ஈரக் காற்றில், மூன்று மணி எண்ணின் ஓரத்தில் கறுப்பு நிறம் கொப்பளித்து எழும்பியது. பெரியவரிடம் காட்டினேன். லென்ஸில் பார்த்தவர் அதை என்னிடமே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கறுப்புக்குக் கீழே, வேறொரு வாட்சின் வெள்ளை டயலும் அதன் பழைய கோடுகளும் தெரிந்தன. பழைய டயலைச் சுரண்டி, புதிதாக வண்ணம் பூசி, பெயரை அச்சடித்து, கிடைத்த கேஸில் கிடைத்த மெஷினைப் பொருத்தி விற்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது.

அதனால் விற்பவரிடம் டயலின் மிக நெருக்கமான படத்தைக் கேளுங்கள். தொழிற்சாலை அச்சில் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். மறுபடி அச்சடித்ததில் எழுத்து தடித்தும், கோடுகள் மணி அடையாளங்களுக்கு நேராக இல்லாமலும் இருக்கும். ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, கிளிப்பச்சை என்று கண்ணைப் பறிக்கும் டயல்களை விட்டுவிடுங்கள். மெஷினின் படமும் வேண்டும். தர மறுத்தால் வாங்க வேண்டாம். கேஸின் விளிம்புகள் சோப்பு போல மழுங்கியிருந்தால் பலமுறை பாலிஷ் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். ரேடியம் பழுப்பேறிய, ஓரம் மங்கிய, நேர்மையான டயல் இருக்கும் வாட்ச்தான் பழைய வாட்ச். அதைப் புதிதாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிட்டு மறுத்துவிடுங்கள்.

கண்ணாடியில் இருக்கும் கீறலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அது அக்ரிலிக், பற்பசையை மென்துணியில் தொட்டுப் பத்து நிமிடம் தேய்த்தால் மெல்லிய கீறல்கள் போய்விடும்.

நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் என்ன செய்வது?

தோல் பட்டையைச் சித்திரை, வைகாசியில் கட்டாதீர்கள். வியர்வை ஊறிய தோல் நாறுவது ஒருபுறம், அதன் உப்பு கேஸின் பின்புறத்தை அரிப்பது மறுபுறம். நான் பைலட்டுக்கு நைலான் பட்டை போட்டிருக்கிறேன். வாரம் ஒருமுறை கழற்றிச் சோப்பு நீரில் அலசிக் காயவைக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த துணியால் வாட்சின் பின்புறத்தைத் துடைப்பது அரை நிமிட வேலை. வேறு எந்தப் பராமரிப்பையும்விட அது பயன் தருகிறது.

வாட்சில் நீர் தாங்கும் அளவு 30 மீட்டர் என்று எழுதியிருந்தால் 30 மீட்டர் ஆழம் வரை போகலாம் என்று பொருள் இல்லை. கை கழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும், அவ்வளவுதான். 100 மீட்டர் என்றிருந்தால் நீந்தலாம், அதுவும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் நல்ல நிலையில் இருந்தால். பழைய சாவி வாட்சுகளுக்கு நீர் காட்டவே கூடாது. கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்தால் வெயிலில் வைத்துக் காத்திருக்காமல் அன்றே கடைக்குக் கொண்டுபோக வேண்டும். துரு ஒரே இரவில் பிடித்துவிடும்.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் செய்ய வேண்டும்?

சாவி வாட்சுக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை என்று நான் வைத்திருக்கிறேன். எண்ணெய் காய்ந்தபின்னும் வாட்ச் ஓடும். ஆனால் அச்சுகள் தேய்ந்துகொண்டே ஓடும். பேட்டரி வாட்ச் நின்றுவிட்டால் புதிய பேட்டரி போட வேண்டும். கட்டப் போவதில்லை என்றால் பழைய பேட்டரியை எடுத்துவிட வேண்டும்.

சேகரிப்பு சிறிதாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதன்மையான காரணமும் இதுவே. 31 வாட்சுகளுக்கு ஐந்தாண்டுச் சுழற்சி என்றால் ஆண்டுக்கு ஆறு சர்வீஸ். நல்ல கைவேலைக்காரர்கள் குறைந்து வருகிறார்கள். இருப்பவர்களின் கண்ணும் கையும் வயதாகி வருகின்றன. என் நான்கில் இரண்டுக்குத்தான் சர்வீஸ் தேவை. அவற்றை என்னால் தவறாமல் பார்த்துக்கொள்ள முடிகிறது. எத்தனை வாட்ச் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்பவர்களிடம், எத்தனைக்கு உங்களால் எண்ணெய் போட முடியும் என்றுதான் திருப்பிக் கேட்கிறேன்.

வாட்ச் வாங்குவது முதலீடு ஆகுமா?

ஆகாது. சில வாட்சுகளின் விலை ஏறியது உண்மை. எது ஏறும் என்று முன்கூட்டிச் சொல்பவரின் பேச்சைக் கேட்டுப் பணம் போடாதீர்கள். சேமிக்க வேறு வழிகள் இருக்கின்றன.

மற்ற 27 வாட்சுகள் என்ன ஆயின?

ஒன்பதை உறவினருக்கும் நண்பருக்கும் கொடுத்தேன். அந்த சீகோ டைவர் வாட்ச், கப்பல் வேலைக்குப் போன என் அக்கா மகனிடம் இருக்கிறது. என்னிடம் இருந்தபோது கடலைப் பார்க்காத வாட்ச் இப்போது கடலிலேயே இருக்கிறது. பன்னிரண்டை விற்றேன். ஒவ்வொன்றிலும் உள்ள குறையை முதலில் சொல்லி, பிறகுதான் விலை சொன்னேன். வண்ணம் பூசிய பைலட்டை மட்டும் விற்கவில்லை. அதையும், கெட்டுப்போன நான்கு உட்பட மீதி ஐந்தையும் தெப்பக்குளம் பெரியவரிடமே கொடுத்துவிட்டேன். அவற்றின் சக்கரங்களும் ஸ்பிரிங்குகளும் வேறு யாருடைய அப்பாவின் வாட்சிலாவது ஓடிக்கொண்டிருக்கும்.

காஞ்சனைக் கொடுத்த பிறகு ஒரு மாதம் வருத்தமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மற்ற எதற்கும் அப்படித் தோன்றவில்லை.

ஸ்மார்ட் வாட்ச் கட்டுவதில்லையா?

கட்டுவதில்லை. நடையையும் நாடித்துடிப்பையும் அளக்க வேண்டியவர்களுக்கு அது மிகவும் பயனுள்ள கருவி; என் அம்மாவுக்கு நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இங்கே பேசுகிற விஷயம் வேறு.

புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் எதை வாங்க வேண்டும்?

எதையும் வாங்குவதற்கு முன், வீட்டில் இருக்கும் பழைய வாட்சைத் தேடுங்கள். அப்பா, தாத்தா, சித்தப்பா யாராவது ஒருவருடைய எச்.எம்.டி. ஏதாவது ஒரு பீரோவில் இருக்கும். சாவியை அழுத்தித் திருகாமல், அப்படியே ஒரு நல்ல ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோய், பிரிக்கும்போது அருகில் உட்கார அனுமதி கேளுங்கள். ஓடத் தொடங்கியதும் ஆறு மாதம் அதை மட்டும் கட்டுங்கள். டயல் பெரிதா சிறிதா, கறுப்பா வெள்ளையா, தேதி வேண்டுமா வேண்டாமா, தினமும் சாவி கொடுப்பது பிடிக்கிறதா தொல்லையா என்பதெல்லாம் அந்த ஆறு மாதத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். வீட்டில் பழையது எதுவும் இல்லையென்றால் ஒரு கேசியோவும் ஒரு குறிப்பேடும் போதும். இரண்டாவது வாட்சை, முதலாவது செய்யாத ஒரு வேலைக்காக மட்டும் வாங்குங்கள்.

ஐந்தாவதாக ஒன்று வாங்குவதாக இருந்தால் எது?

ஒன்று இருக்கிறது. பார்வையற்றோருக்காக எச்.எம்.டி. செய்த பிரெய்ல் வாட்ச். கண்ணாடியே ஒரு மூடி; அதைத் திறந்தால் டயலில் புடைத்த புள்ளிகள் இருக்கும், சற்றே தடித்த முட்களை விரலால் தொட்டு மணி அறியலாம். பொன்மலையில் நான் படித்த பள்ளியில் எங்கள் பாட்டு ஆசிரியர் அதைக் கட்டியிருந்தார். வகுப்பு முடிவதற்குச் சில நிமிடங்கள் முன்பு, பாடிக்கொண்டே வலக்கையை இடக்கை மணிக்கட்டுக்குக் கொண்டுபோவார். மூடி திறக்கும் மெல்லிய ஒலி முன்வரிசைக்குக் கேட்கும். சரணத்தை முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருக்கும்.

போன மாதம் அப்படி ஒன்று விற்பனைக்கு வந்திருப்பதாக ஒரு நண்பர் தகவல் சொன்னார். டயல் பழையதுதான், யாரும் கை வைக்கவில்லை. மூடியின் கீல் மட்டும் தளர்ந்திருக்கிறது. அதன் படத்தைப் பெரியவருக்கு அனுப்பியிருக்கிறேன். கீலைச் சரிசெய்ய முடியும் என்று அவர் சொன்னால் வாங்குவேன்.